நீலக்கால் நண்டு: உருவமும் இருப்பிடமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நீலக்கால் நண்டைப் பற்றி வரும் கேள்விகளில் பாதி அதன் உருவத்தைப் பற்றியவை. மீதி, அது எங்கே வாழ்கிறது என்பதைப் பற்றியவை. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பதில் சொல்வது கடினம். இந்த நண்டின் முள், நிறம், துடுப்புக்கால் என்று எதை எடுத்தாலும், அது வாழும் மணல் தரையைச் சொல்லாமல் விளக்க முடியாது. ஆகவே பதில்கள் கொஞ்சம் முன்னும் பின்னுமாகத்தான் போகும்.

பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

முதலில் முதுகு ஓட்டைப் பாருங்கள். தட்டையாகவும், நீளத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் அகலமாகவும் இருக்கும். கண்ணுக்கு அருகில் தொடங்கி முன்விளிம்பு நெடுக ஒவ்வொரு பக்கமும் ஒன்பது பற்கள் வரிசையாக இருக்கும். எட்டு பற்கள் சிறியவை. ஒன்பதாவது மட்டும் நீண்ட முள்ளாகப் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். அடுத்து கொடுக்குகள்: நீளமானவை, ஒல்லியானவை, மேலே வரிவரியாக மேடு ஓடியவை. கடைசியாகப் பின்னங்கால்களைப் பாருங்கள். நடக்கும் கால்களின் நுனி கூராக இருக்க, இந்தக் கடைசி ஜோடியின் நுனி மட்டும் தட்டையாகி முட்டை வடிவத் துடுப்பாக மாறியிருக்கும்.

நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள் என்றே சொல்வேன். பெயரில் நீலம் இருப்பதால் பலர் அதைத்தான் முதலில் தேடி ஏமாறுகிறார்கள்.

மொத்தம் எத்தனை கால்?

பத்து. கொடுக்கு ஒரு ஜோடி, நடக்க மூன்று ஜோடி, நீந்த ஒரு ஜோடி.

எவ்வளவு பெரிதாக வளரும்?

முள் நுனியிலிருந்து முள் நுனி வரை அளந்தால் முதுகு ஓடு சுமார் 20 சென்டிமீட்டர் வரை போகும். வழக்கமாகக் கண்ணில் படுபவை இதைவிடச் சிறியவை. ஒரே அகலமுள்ள ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் வைத்தால் ஆண்தான் பெரிதாகத் தெரியும், காரணம் அதன் நீண்ட கொடுக்குகள். வெதுவெதுப்பான கடல்களில் ஏறக்குறைய ஒரு வருடத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆயுள் மூன்று வருடம் வரை. வேகமாக வளர்ந்து சீக்கிரம் முடிந்துவிடும் வாழ்க்கை.

என் கண்ணில் படுபவை பழுப்பாக இருக்கின்றனவே, இது வேறு இனமா?

பெரும்பாலும் அவை பெண் நண்டுகள். வளர்ந்த ஆணுக்குத்தான் கொடுக்கிலும் கால்களிலும் அந்தப் பளிச்சென்ற நீலம், முதுகில் வெண்ணிறத் திட்டுகள். பெண்ணுக்கு முதுகு மங்கலான பச்சையும் பழுப்புமாக இருக்கும். கால்களில் லேசாக நீலச் சாயல் தெரிந்தால் உண்டு. இளம் நண்டுகளில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி மணல் நிறத்தில் திட்டுத்திட்டாக இருக்கும். ஆண் முதிர முதிரத்தான் நீலம் ஏறுகிறது.

முதன்முறை இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் தனித்தனி இனம் என்று நினைப்பதில் வியப்பில்லை. ஓட்டின் பற்களை எண்ணிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அந்த நீலம் எங்கிருந்து வருகிறது? சூடு பட்டதும் ஏன் சிவக்கிறது?

ஓட்டில் இருக்கும் நிறமி உண்மையில் சிவப்பு வகையைச் சேர்ந்தது, அஸ்டாசாந்தின் என்று பெயர். நண்டால் இதை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கிக்கொள்ள முடியாது. பாசியில் தொடங்கி உணவு வழியாக வந்து சேரும் நிறமிகள்தான் மூலம். ஓட்டில் இந்த அஸ்டாசாந்தின் ஒரு புரதத்தோடு பிணைந்து கிடக்கும்போது, அது ஒளியை உள்வாங்கும் விதம் மாறி நீலமாகவோ பச்சையாகவோ தெரிகிறது. சூடு பட்டால் புரதம் குலைந்து பிடி விடுகிறது, உள்ளே இருந்த ஆரஞ்சுச் சிவப்பு வெளியே வந்துவிடுகிறது. இறால், சிங்கி இறால் எல்லாவற்றிலும் நடப்பது இதே கதைதான்.

ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்ல என்ன வழி?

புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் வால் பகுதி ஒரு மடலாக மடங்கி உடம்போடு ஒட்டிக்கிடக்கும். ஆணுக்கு அது குறுகலாக, நுனி நோக்கிச் சிறுத்துப் போகும். முதிராத பெண்ணுக்கு அகன்ற முக்கோணமாக, இறுக மூடியிருக்கும். முதிர்ந்த பெண்ணுக்கு அரைவட்டம் போல விரிந்து, விரலால் தூக்கினால் தூக்க வரும். முட்டைகளைச் சுமக்கும் இடம் அதுதான்.

சினை நண்டில் முட்டைத் திரள் இந்த மடலுக்கு வெளியே பிதுங்கித் தெரியும். முதலில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம். உள்ளே கரு வளர்ந்து அதன் கண்கள் கறுக்கத் தொடங்கியதும் பழுப்பாகி, பொரியும் தறுவாயில் கரும்சாம்பலாகிவிடும். நிறத்தை வைத்தே பொரிக்க எத்தனை நாள் இருக்கிறது என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்.

மடல் குறுகலாகவும் இல்லை, அகலமாகவும் இல்லை. அடியில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. இது என்ன?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியது. அது முட்டையாக இருக்க வாய்ப்பில்லை. சாக்குலினா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம்.

படகின் அடியிலும் பாறையிலும் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசுக்கு இது உறவு என்றால் நம்புவது கடினம். வளர்ந்த சாக்குலினாவுக்கு ஓடும் கிடையாது, காலும் கிடையாது. அதன் பெண் இளவுயிர் (லார்வா) நண்டின் மேல் வந்து ஒட்டி, சில உயிரணுக்களை மட்டும் உள்ளே செலுத்துகிறது. அவை நண்டின் உடம்புக்குள் வேர்வேராகப் பரவி அதன் சத்தை உறிஞ்சி வளர்கின்றன. வெளியே எதுவும் தெரியாது. பிறகு ஒருநாள், சினை நண்டு முட்டை சுமக்கும் அதே இடத்தில் ஒரு பையாக வெளியே வருகிறது. நண்டு அதைத் தன் முட்டை என்றே பாவித்துச் சுத்தம் செய்து பாதுகாக்கிறது.

மாட்டிக்கொண்டது ஆண் நண்டு என்றால்? அதன் மடல் பெண்ணுடையதைப் போல அகலமாகத் தொடங்குகிறது, பெண் நண்டின் குணமும் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த நண்டால் இனம் பெருக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடாவில் இந்த நண்டுகளிடம் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். கண்டுபிடிக்கும் வழி எளிது: முட்டைத் திரள் மணிமணியாக இருக்கும், சாக்குலினா பைக்கு வழவழப்பான தோல் இருக்கும்.

நீலக்கால் நண்டு ஒரே இனமா, பல இனங்களா?

1758-இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்டதிலிருந்து நீண்ட காலம், செங்கடல் முதல் ஆஸ்திரேலியா வரை உள்ள எல்லாவற்றையும் போர்ட்டுனஸ் பெலாஜிகஸ் என்ற ஒரே பெயரில்தான் அழைத்தார்கள். 2010-இல் லாய், இங், டேவி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் உடலமைப்பு, நிறக்கோலம், மரபணு மூன்றையும் சேர்த்துப் பார்த்து, இது ஒன்றல்ல, நான்கு என்று காட்டினார்கள்.

தென்கிழக்கு ஆசியாவிலும் கிழக்கு ஆசியாவிலும் இருப்பது போர்ட்டுனஸ் பெலாஜிகஸ். செங்கடல், பாரசீக வளைகுடா, கிழக்கு ஆப்பிரிக்கக் கரை என்று மேற்கு இந்தியப் பெருங்கடலில் இருப்பது போர்ட்டுனஸ் செக்னிஸ். வங்காள விரிகுடாவும் அதைச் சுற்றிய கிழக்கு இந்தியப் பெருங்கடல் பகுதியும் போர்ட்டுனஸ் ரெட்டிகுலேட்டஸின் இடம். ஆஸ்திரேலியக் கடல்களில் வாழ்வது போர்ட்டுனஸ் ஆர்மேட்டஸ். புதிதாகப் பெயர் வைக்கவே தேவைப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. செக்னிஸ் என்ற பெயரை 1775-இலும், ரெட்டிகுலேட்டஸை 1799-இலும், ஆர்மேட்டஸை 1861-இலும் ஏற்கெனவே வைத்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து மறந்துவிட்டிருந்தார்கள்.

வெறும் கண்ணால் பிரிக்க முதுகுக் கோலம் ஓரளவு உதவும். பெலாஜிகஸ் ஆணின் வெண்திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து அகன்ற பட்டைகளாக ஓடும். ரெட்டிகுலேட்டஸுக்கு நெருக்கமான வலைப்பின்னல். செக்னிஸுக்குக் கருமையான முதுகில் சிறு சிறு புள்ளிகள். பெண் நண்டை வைத்துச் சொல்வது மிகவும் கடினம், அங்கே எந்தக் கடலில் பிடித்தது என்பதே நல்ல துப்பு. வாழும் முறையும் உடலமைப்பும் நான்குக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இந்தப் பக்கத்தில் பொதுவாகச் சொல்வது நான்குக்கும் பொருந்தும்.

எந்த மாதிரி இடத்தில் வாழும்?

மணல், சேறு கலந்த மணல், கடற்புல் வெளி. இந்த மூன்றில் ஒன்று இருக்கும் கரையோரக் கடல்தான் இதன் இடம். அலை வற்றும் திட்டுகளில் தொடங்கி 50 மீட்டர் ஆழம் வரையும், சில சமயம் அதைத் தாண்டியும் இருக்கும். பாறைத் தரை பிடிக்காது, காரணம் புதைய முடியாது.

இளம் நண்டுகளுக்குக் கடற்புல்தான் உயிர் காக்கும் இடம். புல் அடர்த்தியாக இருந்தால் மீன்களின் கண்ணில் படாது, சிறு மட்டிகளும் புழுக்களும் இறாலினங்களும் அங்கேயே கிடைக்கும். வளர வளர, ஓடு கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்கு நகரும். பெரிய நண்டுகளை மட்டும் பார்த்துவிட்டு “இது ஆழ்மணல் நண்டு” என்று முடிவு கட்டினால் பாதி வாழ்க்கையை விட்டுவிட்டோம் என்று பொருள். ஓர் இடத்தில் கடற்புல் அழிந்தால், தள்ளியிருக்கும் ஆழமான மணலில் சில பருவங்கள் கழித்து நண்டு குறைவதற்குக் காரணமும் இதுதான்.

பகலில் ஏன் கண்ணில் படுவதில்லை?

மணலுக்குள் இருக்கிறது. பின்பக்கமாக உடம்பை அசைத்து அசைத்துச் சில நொடிகளில் புதைந்துகொள்ளும். வெளியே தெரிவது இரண்டு கண்களும் உணர்கொம்புகளும் மட்டுமே. கண்கள் காம்பின் நுனியில் இருப்பதால் உடம்பு முழுவதும் மூடியிருந்தாலும் மேலே நடப்பதைப் பார்க்கலாம். ஆபத்து என்றால் அவற்றையும் குழிக்குள் மடித்துக்கொள்ளலாம். திருக்கை, சுறா, பேய்க்கணவாய், ஆமை என்று தேடி வருபவர்கள் அதிகம். மாலை மங்கியதும் எழுந்து இரை தேடப் புறப்படும்.

மணலுக்குள் எப்படி மூச்சு விடுகிறது?

செவுள்கள் முதுகு ஓட்டுக்கு அடியில், இரண்டு பக்கமும் அறைகளில் இருக்கின்றன. சாதாரணமாகத் தண்ணீர் கொடுக்கின் அடிப்பகுதி வழியாக உள்ளே போய், செவுளைத் தொட்டு, வாய்ப்பக்கமாக வெளியேறும். புதைந்திருக்கும்போது அந்த வாசலை மணல் அடைத்துவிடக் கூடாது. அதற்காக அங்கே நெருக்கமான மயிர்கள் சல்லடை வேலை செய்கின்றன. போதாவிட்டால் நீரோட்டத்தைத் திருப்பி, வாய்ப்பக்கமாக உள்ளே இழுக்கவும் முடியும். ஓட்டின் விளிம்பிலும் கால்களின் ஓரத்திலும் மயிர் இருப்பது சும்மா அழகுக்கல்ல.

முழுக்க மணலில் புதையும் நண்டுக்கு நீந்தும் கால் எதற்கு?

இரை தேடவும் ஓடி ஒளியவும் இடம் பெயரவும்தான். நடந்து போகும் நண்டுக்குத் தரையோடு உறவு. இதற்குத் தரையிலிருந்து எழும்பி நீரோட்டத்தில் ஏறிக்கொள்ள முடியும். துடுப்புக் கால்கள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் சுழன்று தள்ள, இரு முனையும் கூரான ஓடம் போன்ற உடம்பு பக்கவாட்டில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். ஒரு பக்க முள் முன்னால் போகும், அந்தப் பக்கக் கொடுக்கு மடங்கியிருக்கும், மறுபக்கக் கொடுக்கு பின்னால் நீண்டு வரும். அகலமான, தட்டையான ஓடு எதற்கு என்பது நீந்தும்போதுதான் புரியும். அதே தட்டையான உடம்புதான் மணலில் சீக்கிரம் மூடிக்கொள்ளவும் உதவுகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஓடு மெல்லியது, கால்கள் நீரின் தாங்கலுக்குப் பழகியவை. தண்ணீருக்கு வெளியே எடுத்தால் சேற்று நண்டைப் போல நாள்கணக்கில் தாக்குப்பிடிக்காது.

கழிமுகத்தில் இருக்கிறது என்கிறார்களே, இது கடல் நண்டா, கழி நண்டா?

கடல் நண்டுதான். ஆனால் கழிமுகத்துக்குள் வந்து மேயும். மழை குறைவான காலத்தில் கடல்நீர் உள்ளே ஏறி நிற்கும்போது அங்கே இளம் நண்டுகள் நன்றாக வளரும். வெள்ளநீர் வந்து உப்பளவு விழுந்ததும் கடலுக்குத் திரும்பிவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பீல்–ஹார்வி கழிமுகத்தில் குளிர்கால மழையோடு நண்டுகள் வெளியேறுவது நன்கு பதிவான விஷயம்.

சினை நண்டுகள் விஷயத்தில் இன்னும் கறார். முட்டை பொரிக்க அவை திறந்த கடலின் உப்புநீரைத் தேடிப் போகின்றன, இளவுயிர்கள் உப்புக் குறைந்த நீரில் பிழைக்காது என்பதால்.

குஞ்சு நண்டு பெரிய நண்டின் சின்ன வடிவமாக இருக்குமா?

இருக்காது. பொரிந்து வருவது ஜோயியா என்ற மிதவை உயிர். பெரிய கண்கள், நீண்ட வால், முதுகிலிருந்து மேலே ஒரு முள், முகத்திலிருந்து ஒரு முள். நண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய பெண் நண்டு ஒரே முறையில் பத்து லட்சத்துக்கும் மேல் முட்டையிடும், மிகப் பெரும்பாலானவை இந்தக் கட்டத்திலேயே யாருக்காவது இரையாகிவிடும். நான்கு முறை தோலுரித்தபின் மெகலோப்பா என்ற இடைநிலை: கொடுக்கு வந்திருக்கும், வால் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கும். அதுவும் உரிந்த பிறகுதான் வால் அடியில் மடங்கி, தரையில் இறங்கிய நண்டாகிறது. வெதுவெதுப்பான நீரில் இதெல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும், குளிர்ந்த நீரில் இழுத்தடிக்கும்.

வேறு எந்த நண்டுகளோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு?

முக்கண் நண்டு நெருங்கிய உறவு, ஓட்டின் வடிவமும் அதேதான். ஆனால் முதுகின் பின்பகுதியில் வெள்ளை விளிம்போடு மூன்று கரும்சிவப்புப் புள்ளிகள் இருக்கும், தவறவே முடியாது. சிலுவை நண்டுக்குப் பக்கவாட்டில் ஆறு பற்கள்தான், முதுகில் வெளிறிய சிலுவைக் குறி. சேற்று நண்டுக்கும் பின்னால் துடுப்பு உண்டு, ஒன்பது பற்களும் உண்டு. ஆனால் ஒன்பதும் ஒரே அளவு, பக்கவாட்டு முள் கிடையாது, உடம்பு பருமன், கொடுக்கு தடிமன், வீடு அலையாத்திக் காட்டுச் சேறு.

உண்மையான குழப்பம் அட்லாண்டிக் நீல நண்டோடுதான். அது அமெரிக்கக் கரைகளுக்கு உரியது, காலினெக்டஸ் சாப்பிடஸ் என்று பெயர். நிறம், முள், துடுப்பு எல்லாம் ஒத்துப்போகும். கொடுக்கின் மணிக்கட்டுப் பகுதியின் உட்புறத்தைப் பாருங்கள். நீலக்கால் நண்டுக்கு அங்கே ஒரு முள் இருக்கும், அட்லாண்டிக் நண்டுக்கு இருக்காது.

ஒரு கொடுக்கு மட்டும் சிறியதாக இருக்கிறதே?

முந்தைய கொடுக்கை இழந்து, புதிதாக முளைப்பதாக இருக்கும். பிடிபட்ட காலை அதற்கென்றே அமைந்த மூட்டில் தானே கழற்றிவிட்டு ஓடிவிடும். அடுத்தடுத்து ஓடு கழற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய அளவுக்கு வரும்.

கடல் சூடாவது இதைப் பாதிக்குமா?

பாதிக்கும், ஓர் அளவு வரை சாதகமாகவும்தான். வெப்பம் கூடினால் வளர்ச்சி வேகமாகும், அதனால்தான் வெப்பமண்டலத்தில் வருடம் முழுவதும் சினை நண்டுகள் இருக்கின்றன. ஆனால் எல்லை உண்டு. 2010–11 கோடையில் மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் கடுமையான கடல் வெப்ப அலை வீசியது. ஷார்க் விரிகுடாவில் கடற்புல் வெளிகள் பெரிய அளவில் அழிந்தன. நண்டு எண்ணிக்கை சரிந்து, 2012-இல் அங்கே நண்டு பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று.

மத்தியதரைக் கடலிலும் இருக்கிறதாமே?

இருக்கிறது, அங்கே வந்தேறி. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் செங்கடலிலிருந்து செக்னிஸ் இனம் உள்ளே வந்தது, 1898-இலேயே எகிப்துக் கரையில் பதிவாகிவிட்டது. நீண்ட காலம் கிழக்குப் பகுதியிலேயே இருந்தது. 2014 வாக்கில் துனிசியாவின் காபெஸ் வளைகுடாவில் பெருகி, வலைகளை அறுத்து, வலையில் மாட்டிய மீன்களைக் குதறியதில் அங்குள்ள மீனவர்கள் அதற்கு ‘டாயிஷ்’ என்று ஐ.எஸ். பயங்கரவாதக் கும்பலின் அரபுப் பெயரையே வைத்துவிட்டார்கள். பிறகு அதைப் பிடிப்பதே ஒரு தொழிலாகியது. ஆழமில்லாத, வெதுவெதுப்பான, கடற்புல் நிறைந்த மணல் வளைகுடா அது. இந்த நண்டு வேறு எங்கே போய்க் குடியேறும்?

கரையில் முழு நண்டு ஒதுங்கிக் கிடந்தது. செத்ததா, கழற்றிய ஓடா?

தூக்கிப் பாருங்கள். கழற்றிய ஓடு எடையே இல்லாமல் இருக்கும், நாற்றமும் அடிக்காது. முதுகு ஓட்டின் பின்விளிம்பு மடலோடு சேரும் இடத்தில் திறந்திருக்கும், நண்டு பின்பக்கமாக வெளியேறும் வழி அதுதான். கண் காம்பின் உறை, செவுளின் மேல்தோல் வரை எல்லாம் அதில் அப்படியே இருப்பதால் பலரும் செத்த நண்டு என்றே நினைக்கிறார்கள். அதன் சொந்தக்காரர் அப்போது கடலுக்குள் எங்கோ, ஓடு இறுகும் வரை மணலில் பதுங்கியிருப்பார்.